எதிர்த் துருவங்கள் காதலிப்பதில்லை

அமெரிக்க எழுத்தாளர் எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' நாவல் 2020இல் வெளிவந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள்: எதிரும் புதிருமான இரண்டு பேர், அடுத்தடுத்த வீடு, காதல். ஜனவரி ஆண்ட்ரூஸ் காதல் கதைகள் எழுதுகிறவள். சுபமான முடிவை நம்புகிறவள். அகஸ்டஸ் எவரெட் இலக்கிய நாவல்கள் எழுதுகிறவன். அவன் கதைகளில் சுபம் என்ற பேச்சே கிடையாது. மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு கோடைக்காலம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்க நேர்கிற இந்த இருவரும் ஒரு பந்தயம் கட்டுகிறார்கள். அவள் கனமான இலக்கிய நாவல் எழுத வேண்டும், அவன் சந்தோஷமாக முடிகிற காதல் கதை எழுத வேண்டும். மீதியை வாசகர் ஊகித்துவிடலாம்.

ஆங்கிலக் காதல் நாவல் சந்தையில் இந்த வகைக்குத் தனி அலமாரியே உண்டு. சிடுசிடுப்பான நாயகன், சிரித்த முகத்து நாயகி. எதற்கும் பட்டியல் போடுகிறவள், எதைப் பற்றியும் கவலைப்படாதவன். நடுவில் ஒரே ஒரு சுவர். பதிப்பகங்கள் 'எதிர்த் துருவங்கள்' என்றும் 'பக்கத்து வீட்டார்' என்றும் முத்திரை குத்தியே புத்தகத்தை விற்கின்றன. வாசகர்களும் அந்த முத்திரையைச் சொல்லியே தேடுகிறார்கள். இந்த நாவல்களைக் கொண்டாடுகிறவர்கள், வேற்றுமைதான் காதலின் ஊற்று, வாழ்க்கையிலும் அப்படித்தானே என்கிறார்கள். இளப்பமாகப் பார்க்கிறவர்களோ, காந்தத்தின் இரண்டு துருவங்களைக் கிட்ட வைத்தால் ஒட்டத்தானே செய்யும், இதில் கலை எங்கே என்று கேட்கிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் சண்டை போடும் இந்த இரண்டு தரப்பும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றன: இந்தக் கதைகளை நகர்த்துவது வேற்றுமை.

அந்த ஒருமித்த கருத்துதான் தவறு. நல்ல நாவல்களை அது தப்பாக வாசிக்க வைக்கிறது. மோசமான நாவல்கள் பெருகவும் வழிவிடுகிறது.

'பீச் ரீட்'டையே எடுத்துக்கொள்ளலாம். ஜனவரியும் அகஸ்டஸும் எதில் எதிர்? தாங்கள் எழுதும் கதையின் முடிவில். அதைத் தாண்டித் தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் எழுத்து வகுப்பில் உட்கார்ந்தவர்கள். இருவருக்கும் எழுத்துதான் பிழைப்பு. அந்தக் கோடையில் இருவருக்குமே எழுத்து ஓடவில்லை. தந்தைக்கு இன்னொரு பெண்ணோடு தொடர்பு இருந்தது அவர் இறந்த பிறகுதான் ஜனவரிக்குத் தெரிகிறது. அந்த ரகசிய வாழ்வின் மிச்சமாக நிற்கும் வீட்டில்தான் அவள் வந்து தங்குகிறாள். அகஸ்டஸ் கொடுமைக்காரத் தகப்பனிடம் வளர்ந்தவன், மணவாழ்வும் முறிந்தவன். தகப்பன்மாரிடம் அடைந்த ஏமாற்றத்தை அவள் சுபமான கதைகளால் மூடி வைத்தாள், அவன் இருண்ட கதைகளால் மூடி வைத்தான். காயம் ஒன்று, கட்டு இரண்டு.

நாவலில் இவர்கள் நெருங்கும் இடங்களைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. எதிரெதிர் ஜன்னல்களில் உட்கார்ந்து எழுதும்போது காகிதத்தில் வாசகங்களை எழுதி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். ஒரு மதக் குழுவில் சிக்கி மீண்டவர்களைப் பேட்டி காண அவன் போகும்போது அவளும் உடன் போகிறாள்; பிறர் துயரத்தை அவன் எப்படிக் காது கொடுத்துக் கேட்கிறான் என்று பார்க்கிறாள். 'இவன் என்னைப் போல் இல்லை' என்ற வியப்பு இந்தக் காட்சிகளில் எங்கும் இல்லை. 'இவனும் என்னைப் போலத்தானா' என்ற வியப்பே இருக்கிறது. முதலில் தப்பாக எடைபோட்ட ஒருவரைச் சரியாக அடையாளம் காண்பதுதான் இந்த நாவலின் கதை. அதற்கு 'எதிர்த் துருவம்' என்று பெயர் வைப்பது முதல் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிடுவதற்குச் சமம்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் தாலியா ஹிப்பர்ட் 2019இல் எழுதிய 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்' இன்னும் கடினமான சோதனை. இங்கே வேற்றுமைகள் மேலோட்டமானவை இல்லை. க்ளோயி வசதியான கறுப்பினக் குடும்பத்துப் பெண், இணையதளங்கள் வடிவமைப்பவள், ஃபைப்ரோமயால்ஜியா என்ற தீராத வலி நோய் உள்ளவள். அவள் குடிவரும் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரிக்கிறவன் ரெட். வெள்ளையன், உழைக்கும் வர்க்கத்தவன், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், ஓவியன். அவனும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறான். நிறம், பணம், உடல்நிலை என்று எல்லாமே வேறு. அப்படியென்றால் இது எதிர்த் துருவக் காதல்தானே?

இல்லை. க்ளோயிக்கு நோய் வந்ததும், அவளை மணக்க இருந்தவன் விலகிப்போனான், நண்பர்களும் விலகினார்கள். ரெட், தன்னைத் துன்புறுத்திய ஒரு பணக்காரப் பெண்ணின் உறவிலிருந்து தப்பி வந்தவன். நம்பினால் அடிபடுவோம் என்று இருவரும் பாடம் படித்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை மறக்க முடியாமல் தவிக்கிறார்கள். வர்க்கத்தையும் நிறத்தையும் நோயையும் ஹிப்பர்ட் உண்மையான தடைகளாகவே எழுதுகிறார். அவற்றைக் காதலுக்குத் தொட்டுக்கொள்ளும் காரமாக்கவில்லை. அவளுடைய வலி அவனைக் கவரவில்லை. வலியோடு இருப்பவளை எப்படி நடத்த வேண்டும் என்று அவன் தெரிந்துகொள்கிறான். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காத விமரிசனம் அந்த நாவலுக்குச் செய்வது அநியாயம்.

எழுத்தாளர்கள் உள்ளுணர்வில் அறிந்த இதை ஆய்வாளர்கள் எண்களில் கண்டிருக்கிறார்கள். முதலில் பக்கத்து வீடு. சமூகவியலாளர் ஜேம்ஸ் பொசார்ட், ஃபிலடெல்ஃபியா நகரில் 1931இல் வழங்கப்பட்ட 5,000 திருமண உரிமங்களை எடுத்து, மணமக்களின் முகவரிகளை ஒப்பிட்டார். மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள், திருமணத்துக்கு முன்பே ஒருவருக்கொருவர் ஐந்து தெருக் கட்டத்துக்குள் குடியிருந்தவர்கள். லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் எம்.ஐ.டி.யின் வெஸ்ட்கேட் குடியிருப்பில் நடத்திய ஆய்வு 1950இல் நூலாக வந்தது. ஒரே தளத்தில் அடுத்த வீட்டுக்காரரை நண்பராகச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. ஒரு வீடு தள்ளி இருப்பவரென்றால் 22. தளத்தின் மறுகோடி என்றால் 10. சில அடி தூரம் கூடினால் நட்பு பாதியாகக் குறைகிறது.

ஆனால் அருகாமை ஒன்றே போதும் என்று இதை வாசிக்கக்கூடாது. எப்பே எபசனும் சகாக்களும் கலிஃபோர்னியாவின் ஒரு குடியிருப்பில் நடத்தி 1976இல் வெளியிட்ட ஆய்வில் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள்: பிடிக்காதவர் யார்? பிடிக்காதவர்களும் பக்கத்திலேயேதான் இருந்தார்கள். குப்பையை வாசலில் வைப்பவரும், நடுராத்திரியில் சத்தம் போடுபவரும், வண்டியைக் குறுக்கே நிறுத்துபவரும் அடுத்த வீட்டில் இருந்தால்தானே நம்மைப் பாதிப்பார்கள். பக்கத்து வீடு காதலையும் தராது, பகையையும் தராது. இரண்டுக்கும் இடம் கொடுக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் காதல் நாவல்கள் சண்டையில் தொடங்குவது இதனால்தான் இயல்பாக இருக்கிறது. சண்டைக்குப் பின் எது வரும் என்பதை முடிவு செய்வது வேறொன்று.

எது என்பதற்கும் விடை உண்டு. எதிர்த் துருவக் கொள்கைக்கு அறிவியல் சாயம் பூசியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வின்ச். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிரப்புவார் என்று 1950களில் அவர் வாதிட்டார். அதற்கு ஆதாரம் 25 தம்பதிகளிடம் செய்த ஆய்வு. பிற்பாடு வந்தவர்கள் பெரும்பாலும் அதே முடிவைத் திரும்பக் காண முடியவில்லை. தியோடர் நியூகோம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முன்பின் அறிமுகமில்லாத மாணவர்களை ஒரே வீட்டில் இலவசமாகத் தங்கவைத்து, யார் யாரோடு நெருங்குகிறார்கள் என்று பார்த்தார். அவர் 1961இல் வெளியிட்ட முடிவு: போகப் போக நெருங்கியவர்கள் ஒத்த கருத்துடையவர்களே. 2023இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய ஆய்வுகள் ஏறத்தாழ 200ஐத் தொகுத்தும், பிரிட்டனின் பயோபேங்க் தரவிலிருந்து பல ஆயிரம் ஜோடிகளை எடுத்தும், நூற்றுக்கு மேற்பட்ட குணங்களை ஒப்பிட்டார்கள். பத்தில் எட்டுக்கு மேற்பட்ட குணங்களில் துணைவர்கள் ஒத்தே இருந்தார்கள். படிப்பு, அரசியல் பார்வை, மதம் ஆகியவற்றில் ஒற்றுமை மிக வலுவாக இருந்தது.

எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிட வேண்டும். கலகலப்பானவருக்குக் கலகலப்பானவர்தான் அமைவார் என்று அந்த 2023 ஆய்வு சொல்லவில்லை. அதில் ஏறக்குறைய நாணயம் சுண்டிப் பார்த்த கதைதான். சீக்கிரம் எழுகிறவருக்கும் தாமதமாக எழுகிறவருக்கும் இடையே மிக லேசான எதிர்த்திசைப் போக்குகூடத் தெரிந்தது. அதாவது இரவில் பாட்டு வைப்பவனும் விடியலில் எழுபவளும் ஜோடி சேர்வதில் வியப்பில்லை. ஆனால் நாவலாசிரியர்கள் எதிர் என்று காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். சுபாவத்தில், பழக்கத்தில், பேச்சின் வேகத்தில் வேறுபாடு. எதை மதிப்பது, எதைச் சகிக்க மாட்டோம், எதற்காக அழுவோம் என்பதில் வேறுபாடு காட்டிவிட்டு, அந்த இருவரையும் நம்பும்படி சேர்த்துவைத்த நல்ல நாவல் ஒன்றைக் காட்டச் சொன்னால், எதிர்த் துருவ ரசிகர்கள் உடனே ஜேன் ஆஸ்டினிடம் ஓடுவார்கள்.

ஓடட்டும். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) அவர்களுக்கு எதிரான சாட்சி. அந்த நாவலில் உண்மையான எதிர்த் துருவத் தம்பதி யார்? பென்னட் தம்பதி. கணவர் நூலகத்தில் ஒதுங்கும் கேலிக்காரர். மனைவி வாய் ஓயாத பதற்றக்காரி. அழகையும் இளமையையும் பார்த்து மயங்கிக் கட்டிக்கொண்டார் பென்னட். மயக்கம் தெளிந்ததும் மனைவிமீதிருந்த மரியாதை போய்விட்டது. அதன் விலையை ஐந்து பெண்களும் கொடுக்கிறார்கள். எதிர்த் துருவக் கல்யாணம் எப்படி முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கையை எந்த நாவலாசிரியராலும் எழுத முடியாது. பென்னட் குடும்பம் வாழும் லாங்பர்னுக்கு மூன்று மைல் தூரத்து நெதர்ஃபீல்டில் குடிவந்த அசல் அக்கம்பக்கத்துக்காரன் பிங்லி; அவனுக்கு அமைவது சுபாவத்தில் தன்னைப் போலவே இருக்கும் பென்னட்டின் மூத்த மகள் ஜேன். நாயகி எலிசபெத்தும் நாயகன் டார்சியும் சண்டை போடுவது எதிரானவர்கள் என்பதால் இல்லை. இருவருக்கும் தங்கள் மதிப்பீட்டின்மீது அசைக்க முடியாத பெருமிதம் இருப்பதால் முட்டிக்கொள்கிறார்கள். அவளுக்குத் தாயால் தலைகுனிவு, அவனுக்குச் சித்தியால் தலைகுனிவு. தவறைக் காட்டினால், வலித்தாலும் ஏற்றுக்கொள்ளும் நேர்மை இருவருக்கும் பொது. அவன் எழுதிய கடிதத்தை அவள் திரும்பத் திரும்பப் படிக்கும் அத்தியாயத்தில் நடப்பது அதுதான்.

இதைவிட வலுவான எதிர்வாதம் லூயிசா மே ஆல்காட்டிடம் இருக்கிறது. 'லிட்டில் விமன்' (1868–69) நாவலில் பக்கத்து வீட்டு லாரியும் ஜோவும் ஒருவருக்கொருவர் உயிர். அவன் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். காரணம், இருவரும் ஒரே மாதிரி: ஒரே முன்கோபம், ஒரே பிடிவாதம். ஜோவின் தாயே அதைச் சொல்கிறாள். வாசகர்கள் எவ்வளவோ கேட்டும் ஆல்காட் அவர்களைச் சேர்த்துவைக்கவில்லை. இதை வைத்து, ஒற்றுமை காதலைக் கெடுக்கும் என்று வாதிடலாம். ஆனால் ஜோ கடைசியில் யாரை மணக்கிறாள்? வயதான ஜெர்மன் பேராசிரியர் பேயரை. பார்வைக்கு எதிர்த் துருவம். உள்ளே பார்த்தால் இருவரும் புத்தகப் பைத்தியங்கள், உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், ஏழ்மைக்கு வெட்கப்படாதவர்கள், குழந்தைகளுக்குக் கற்பிப்பதைப் பெருமையாக நினைக்கிறவர்கள். லாரி வசதியில் வளர்ந்தவன். லாரியும் ஜோவும் சுபாவத்தில் ஒன்று, வாழ்க்கை நோக்கில் இரண்டு. பேயரும் ஜோவும் நேர்மாறு. ஆல்காட் தேர்ந்தெடுத்தது ஆழமான ஒற்றுமையை.

கென்ட் ஹாரஃப் இறந்த பிறகு 2015இல் வந்த 'அவர் சோல்ஸ் அட் நைட்' இந்த விவாதத்தை இன்னும் எளிமையாக்கிவிடுகிறது. கொலராடோவில் ஹோல்ட் என்ற கற்பனை ஊர். எழுபது வயதுக்காரர்களான ஆடி மூரும் லூயிஸ் வாட்டர்ஸும் பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள். அத்தனை ஆண்டு அருகாமையில் ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் துணையை இழந்து, இரவுகள் நீளத் தொடங்கிய பிறகு, ஆடி அவர் வீட்டுக்குப் போய் ஒன்று கேட்கிறாள்: இரவில் வந்து பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? இந்தக் கதையில் எதிர்த் துருவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்து வீட்டுக் காதலை அண்மைக் காலத்தில் இவ்வளவு உண்மையாக எழுதியவர்கள் மிகக் குறைவு.

தமிழர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அருண் சௌத்ரியின் 'பாஷேர் பாரி' என்ற வங்காளக் கதை தெலுங்கில் 'பக்கிண்டி அம்மாயி'யாகி, தமிழில் அஞ்சலிதேவியும் டி.ஆர். ராமச்சந்திரனும் நடித்த 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) ஆகி, இந்தியில் 'படோசன்' (1968) ஆனது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் சங்கீதம் உயிர். நாயகனுக்குப் பாடத் தெரியாது. எதிர்த் துருவங்கள் ஈர்க்கும் என்பது உண்மையானால் அவன் பாடாமல் இருந்தே அவளை வென்றிருக்கலாம். அவனோ நண்பனை ஒளித்து வைத்துப் பாடவிட்டு, தான் வாயசைக்கிறான். தானும் அவளைப் போலவே என்று காட்டிக்கொண்டால்தான் காரியம் ஆகும் என்று அவனுக்குத் தெரிகிறது. நான்கு மொழிப் பார்வையாளர்களுக்கும் அது விளக்காமலே புரிந்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீடு என்பதே பாதி ஒற்றுமை. ஒரே தெருவில் குடியிருக்க ஏறக்குறைய ஒரே வாடகை கொடுக்க வேண்டும். பொசார்ட்டின் ஃபிலடெல்ஃபியாவிலும் அப்படித்தான். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில், 'சைவம் மட்டும்' என்று வாடகை அறிவிப்பு வைக்கும் நகரத்தில், யார் யாருக்குப் பக்கத்து வீட்டார் ஆகலாம் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அந்த வேலியைத் தாண்டிக் காதலிக்கிறவர்களையும் இன்று கதைகள் எதிர்த் துருவங்கள் என்றே அழைக்கின்றன. அது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. சாதியும் மதமும் மனிதர்களை எதிரெதிர் இனமாக்கவில்லை. பிரித்து மட்டுமே வைத்திருக்கின்றன. பிரிக்கப்பட்ட இருவர் தங்களுக்குள் உள்ள ஒற்றுமையைக் கண்டுகொண்டதால்தான் காதலிக்கிறார்கள். அவர்களை எதிர்த் துருவம் என்று சொல்லும்போது வேலி போட்டவர்களின் கணக்கையே நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

இந்தத் தவறான வாசிப்பால் வரும் தீங்கு எழுத்திலும் தெரிகிறது. வேற்றுமைதான் சரக்கு என்று நம்பும் எழுத்தாளர் முதலில் குணங்களைப் பங்கிடுகிறார்: அவளுக்குச் சுத்தம், அவனுக்கு அழுக்கு, அவளுக்குச் சிரிப்பு, அவனுக்குக் கோபம். பாத்திரம் பிறப்பதற்கு முன்பே பட்டியல் தயார். பிறகு அந்தக் கோபத்துக்கு ஒரு மன்னிப்பும் தயாராகிறது. பக்கத்து வீட்டுக்காரன் கதவை அறைந்து சாத்துவதும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாததும், பெண்ணின் பேச்சை ஏளனம் செய்வதும் எதிர்த் துருவத்தின் வசீகரமாகிவிடுகின்றன. தமிழ்க் குடும்ப நாவல் வாசகர்களுக்கு இந்த நாயகன் புதியவன் இல்லை. திமிர் பிடித்தவன், அதட்டுகிறவன், கடைசி அத்தியாயத்தில் மட்டும் உருகுகிறவன். பொறுமையான நாயகி அவனைத் தாங்கிக்கொள்வதைப் பொருத்தம் என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். அவமரியாதை ஒரு குணவேறுபாடு இல்லை. அகஸ்டஸும் ரெட்டும் சிடுசிடுத்தாலும் வாசகருக்குப் பிடிக்கக் காரணம், அவர்கள் தவறை ஒப்புக்கொண்டு மாறுகிறவர்கள். எதிரில் இருப்பவளின் வேலையை மதிக்கிறவர்கள். இதை விட்டுவிட்டுச் சிடுசிடுப்பை மட்டும் நகலெடுத்த நாவல்கள்தான் இன்று குவிகின்றன.

ஆகவே விமரிசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இப்படி ஒரு நாவலை மதிப்பிடும்போது, இருவரும் எதில் வேறு என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எதில் ஒன்று என்பதையும் எழுதுங்கள். அதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த நாவல் தோற்றுவிட்டது என்று தயங்காமல் சொல்லுங்கள். தமிழில் பக்கத்து வீட்டுக் காதலை எழுத வருகிறவர்கள், சுவருக்கு இரு பக்கமும் இருப்பவர்களுக்குப் பொதுவான ஒரு இழப்பையோ ஆசையையோ கோபத்தையோ முதலில் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். சண்டையை அதற்குப் பிறகு எழுதலாம்.